கொடைக்கானல் மேல்மலையில் தோட்டத்து மரவீடு முன்பதிவு செய்வோர் கவனத்திற்கு

கொடைக்கானல் நகரைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று நீளும் மேல்மலைக் கிராமங்களில், தனியார் பட்டா நிலங்களில் டென்ட் அடித்தும் மரவீடு, மண்வீடு கட்டியும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் தொழில் சில ஆண்டுகளாகவே பெருகியிருக்கிறது. முறையாகப் பதிவு பெற்று, குடும்பமாகவே அங்கு தங்கி, வந்தவர்களைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொள்பவர்களும் இத்தொழிலில் உண்டு. அவர்களைக் குறித்து இங்கே எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நிலம் ஒருவருடையது, குடில் இன்னொருவருடையது, முன்பணம் வாங்குபவர் மூன்றாமவர், இரவில் அந்த இடத்தில் இருக்கும் பையன்களோ இவர்களில் யாருக்கு வேலை செய்கிறோம் என்றே சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் என்ற நிலையில் நடத்தப்படும் ஓரிடத்தில், கடந்த டிசம்பர் இறுதியில் என் குடும்பம் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் ஊர், இன்ஸ்டாகிராம் பக்கம், ஆள் ஆகிய எதன் பெயரையும் குறிப்பிடவில்லை.

இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, பைன் மரங்களுக்கு நடுவே முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த, முக்கோண வடிவ மரவீடு ஒன்றின் படம் முதலில் இருந்தது. ஆளுக்கு 1,800 ரூபாய், இரவு உணவும் காலை உணவும் கேம்ப் ஃபயரும் அதிலேயே அடக்கம் என்றார்கள். என் தாயாருக்கு முழங்கால் வலி இருப்பதால், கார் குடில் வாசல் வரை செல்லுமா, கழிப்பறை குடிலோடு சேர்ந்ததா, வெந்நீர் கிடைக்குமா என்ற மூன்றையும் நான் வாட்ஸ்ஆப்பில் எழுதிக் கேட்டேன். மூன்றுக்கும் ஆம் என்ற பதில் குரல் பதிவாக வந்தது. “நம்ம சொந்தத் தோட்டம்தாண்ணா, எதுவா இருந்தாலும் நேரா என்கிட்டயே கேளுங்க” என்ற வாக்கியமும் அந்தப் பதிவில் இருக்கிறது. ஐந்து பேருக்குமான 9,000 ரூபாயில் பாதியை முன்பணமாக ஜிபேயில் அனுப்பச் சொன்னார் அந்தக் குரலுக்குரியவர். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு அந்தப் பக்கத்தின் பெயரிலும் இல்லை, அவர் தன்னுடையது என்று சொன்ன பெயரிலும் இல்லை. கேட்டதற்கு, அக்கா கணக்கு என்றார். உரிய அனுமதி எல்லாம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “ஈ-பாஸ் எடுத்துட்டீங்கன்னா போதும்ணா, அதுதான் பர்மிஷன்” என்றார். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் ஈ-பாஸ், மலைக்கு வரும் வாகனங்களைக் கணக்கிட்டு நெரிசலைக் கட்டுப்படுத்த வந்ததே தவிர, எந்தத் தங்குமிடத்துக்கும் அது உரிமம் ஆகாது. இந்தப் பதில் இப்போதும் பலருக்குச் சொல்லப்படுகிறது என்று அறிகிறேன்.

அவர் அனுப்பிய லொகேஷன் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு டீக்கடை வாசலில். அங்கிருந்து கீழே இறங்கும் பாதையில் கார் போகாது என்பதை நின்றிருந்த ஜீப் ஓட்டுநர்தான் சொன்னார். “போன மழையிலயே ரோட்டை அறுத்துக்கிட்டுப் போயிருச்சு சார். அங்க புக் பண்ணி வர்ற எல்லாரும் இங்க நின்னுதான் கேக்கறாங்க” என்று அவர் சொன்னபோது, பாதையின் நிலை முன்பதிவு செய்பவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை என்பது புரிந்தது. ஜீப்பில் இறங்க ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். மறுநாள் மேலே ஏற மீண்டும் அதே தொகை. தொலைபேசியில் கேட்டபோது, “ஆஃப் ரோடும் ஒரு எக்ஸ்பீரியன்ஸ்தானேண்ணா” என்று பதில் வந்தது. அந்த அனுபவத்தை முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டி பெற வேண்டுமா என்று நான் கேட்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மொத்தத்தில் அந்த மலையில் எங்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அந்த ஓட்டுநர்தான்.

கண்ணாடி முகப்பு கொண்ட மரவீடு அங்கு இல்லை. யூகலிப்டஸ் கம்புகளை முக்கோணமாகக் கட்டி, பிளைவுட் அடித்து, மேலே தகரம் போட்ட கூடுகள் நான்கு, சரிவில் மண்ணை வெட்டிய படிகளில் நின்றன. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. கட்டுக்கம்பியை ஆணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். மெத்தை ஈரமாக இருந்தது. கழிப்பறை, படி என்று சொல்ல முடியாத வழுக்கலில் இறங்கிப் போக வேண்டிய தூரத்தில், தார்ப்பாய் சுற்றிய மறைப்பாக, விளக்கு இல்லாமல் இருந்தது. வெந்நீருக்கு வாளிக்கு 100 ரூபாய். குடில்களுக்கான மின்சாரம் பக்கத்திலிருந்த மோட்டார் கொட்டகையிலிருந்து இழுக்கப்பட்டிருந்தது. விவசாயத்துக்கென்று வழங்கிய இணைப்பை வாடகைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஒட்டுப்போட்ட அந்த ஒயர் ஈரத் தகரத்தை உரசிக்கொண்டு போனதுதான் எனக்கு அதிக அச்சமூட்டியது. உணவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பசிக்குச் சாப்பிட்டோம்.

இதுவரை சொன்னவை வசதிக் குறைவுகள். பணம் போயிற்று என்று விட்டுவிடக்கூடியவை. இனிச் சொல்வது அப்படியல்ல. மேல்மலையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். தாழ்வான புல்வெளிகளில் உறைபனியும் படியும். கூடுதல் கம்பளி கேட்டபோது, கம்பளி இல்லை என்று சொன்ன பையன், இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கனலவிட்டுக் கொண்டுவந்து குடிலுக்குள் வைத்தான். “கதவைச் சாத்திக்கங்க சார், அப்பதான் சூடு நிக்கும்” என்றான். அவனுக்கு அதில் எந்தத் தீய எண்ணமும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் வைத்துக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். செவிலியராகப் பணியாற்றும் என் மனைவி அதை உடனே வெளியே எடுக்க வைத்தார். மூடிய இடத்தில் கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறும் உணர்வுகூட வராமல் நினைவு தப்பிவிடும். புகை இல்லாத கனல்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து. கொடைக்கானலிலேயே 2024இல், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் மறுநாள் எழவில்லை. அதே மலையில், அதே குளிரில், அதே கரியை ஒரு தங்குமிடம் உபசாரமாக அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறது என்றால் அதை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

இரவில் கழிப்பறைப் பக்கம் காட்டுமாடு ஒன்று வந்து நின்றது. அதற்கு மேல் எவரும் இறங்கிப் போகத் துணியவில்லை. ‘காட்டுமாட்டை அருகில் பார்க்கலாம்’ என்று விளம்பரத்தில் இருந்ததை அப்போது நினைத்துக்கொண்டோம். காவலுக்கு இருந்த இரு பையன்களிடமும் நல்ல டார்ச் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, வாகனம் இல்லை. செல்பேசிக்கு மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். ஜீப் கிராமத்துக்குப் போய்விட்டது. என் தாயாருக்கு அன்றிரவு நெஞ்சுவலி என்று ஒன்று வந்திருந்தால், கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களிடம் எந்த வழியும் இருந்திருக்காது. இதை மிகைப்படுத்திய அச்சம் என்று நினைப்பவர்கள் வயநாட்டை நினைவுகூர வேண்டும். 2021 ஜனவரியில் மேப்பாடி அருகே தனியார் முகாம் ஒன்றில் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்ற பிறகுதான், அந்த இடம் உரிய உரிமம் இல்லாமல் நடந்தது வெளியே வந்தது. 2025 மே மாதத்தில் அதே மேப்பாடி வட்டாரத்தில், தற்காலிகமாக எழுப்பிய குடிலின் கூரை சரிந்து இன்னொரு இளம்பெண் உயிரிழந்தார். இரண்டும் தனியார் நிலத்தில், பணம் கொடுத்துத் தங்கிய விருந்தினர்களுக்கு நேர்ந்தவை.

காலையில் வேலி ஓரமாக வந்து நின்ற பெரியவர் ஒருவர், எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். இவர் ஏன் கேட்கிறார் என்று யோசித்து, “ஐயா, நீங்கள் யார்?” என்றேன். “நெலம் என்னோடதுதான் சார். பூண்டு போடுறேன்னு குத்தகைக்குக் கேட்டாங்க, குடுத்தேன். ரூம் கட்டப்போறோம்னு ஒரு வார்த்தை சொல்லல” என்றார். அவரிடம் பேசியதில் விவரம் தெளிவாயிற்று. குத்தகை எடுத்தவர் அந்த இடத்தை உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். உள்வாடகைக்கு எடுத்தவர் கூடுகளைக் கட்டியிருக்கிறார். சொந்தத் தோட்டம் என்று என்னிடம் பேசிய ஆள், ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் புரோக்கர். கொடைக்கானல் வட்டாரக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. அங்கே கட்டுமானத்துக்கு முன் அனுமதி வேண்டும். விபத்து ஏதாவது நடந்தால் முதலில் அலுவலகத்துக்கு இழுக்கப்படப் போகிறவர் பட்டாவில் பெயர் இருக்கும் இந்தப் பெரியவர்தான் என்பதை நினைத்தால், ஏமாற்றப்பட்டவர்களின் வரிசையில் அவரை எங்களுக்கு முன்னால் வைக்கத் தோன்றுகிறது.

ஊர் திரும்பியதும், மீதித் தொகையை வாங்கிக்கொண்டுதான் எங்களை மேலே ஏறவிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதி, சொன்ன வசதிகள் இல்லாததற்கு ஈடாகப் பாதிப் பணத்தையாவது திருப்பித் தருமாறு கேட்டேன். கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் 1,000 ரூபாய் தருவதாகப் பதில் வந்தது. மறுத்தபின் என் எண் தடுக்கப்பட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகாரைப் பதிந்தேன். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இல்லாத இடத்தைக் காட்டிப் பணத்தைப் பறித்துக்கொண்டு மறைந்துவிடும் ஆட்களிடம் ஏமாந்தால், அறிந்த உடனேயே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிவிடும். எங்களுடையது போல, ஓர் இடம் இருந்து அது சொன்னபடி இல்லை என்றால், அது சேவைக் குறைபாடும் தவறான விளம்பரமும் ஆகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மலைக்குப் போய் அலையாமல், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். குரல் பதிவுகள், யூபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, நேரில் எடுத்த படங்கள் ஆகியவற்றையே நான் சான்றாக இணைத்திருக்கிறேன்.

போகிற எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் அனுப்புமுன் படங்களைப் பார்த்து மயங்காமல் நிலத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமத்தோடு அந்த எண்ணைத் தமிழக அரசின் பட்டா, சிட்டா இணையச் சேவையில் இட்டால், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சொந்தத் தோட்டம் என்று சொல்பவரின் பெயர் அதில் இல்லாவிட்டால், குத்தகைப் பத்திரத்தைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. கேம்பிங் நடத்துபவர்களும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் பதிவு செய்துகொள்வதற்கான ஏற்பாடு மாநிலச் சுற்றுலாத் துறையில் இருப்பதால், அந்தப் பதிவுச் சான்றையும் கேட்கலாம். வீடியோ அழைப்பில் பாதையையும், கழிப்பறையையும், கதவின் உள்தாழ்ப்பாளையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் இடம் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. எல்லாவற்றையும்விட, இரவு முழுவதும் அங்கே தங்கப்போகும் பொறுப்பாளர் யார், அவரிடம் வாகனம் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பேசிய புரோக்கரிடம் பதில் இருந்திருக்காது.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் பொங்கல் விடுமுறைக்கு முன்பே பெயர் மாறிவிட்டது. அதே கண்ணாடி முகப்பு மரவீட்டின் படம் புதிய பெயரிலும் ஓடுகிறது. அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டு வாடகைக் குடில் ஒன்றின் விளம்பரத்தில் அது இருக்கிறது. முகப்பின் இடப்பக்கத்தில் சிவப்பு நிறத் துணி ஊஞ்சலும், வாசலில் இரண்டு மர நாற்காலிகளும் தெரியும். அந்தப் படத்தைக் காட்டிய யாருக்காவது நீங்கள் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால், நேரில் போகும்வரை காத்திருக்காமல், படத்தில் இருக்கும் குடில்தான் தரப்படும் என்ற உறுதியை இன்றே எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்டு, அந்த உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915க்கு அழையுங்கள்.