ஆறு ஆண்டுகள், ஒரே மடிக்கணினி: கெர்னல் புதுப்பிப்புக்குப் பின் வந்த வன்பொருள் கோளாறுகள்

2019 இறுதியில் வாங்கிய மடிக்கணினி ஒன்றை இன்றுவரை லினக்ஸில் மட்டுமே இயக்கி வருகிறேன். மெய்ப்புத் திருத்துவதும் நூல் வடிவமைப்பதும் என் தொழில் என்பதால், அந்தக் கணினி ஒரு நாள் முடங்கினால் அன்றைய வேலையும் முடங்கிவிடும். வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் லினக்ஸின் மையப்பகுதிதான் கெர்னல்; 5ஆம் வரிசையில் தொடங்கி 6ஆம் வரிசை வரை அதன் பல பதிப்புகளை அந்தக் கணினி கண்டிருக்கிறது. பெரும்பாலான புதுப்பிப்புகள் வந்த சுவடே தெரியாமல் கடந்துவிட்டன. நான்கு முறை மட்டும், புதுப்பித்த கையோடு வன்பொருளில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போனது.

முதல் முறை வைஃபை காணாமல் போயிற்று. இயங்குதளத்தையே அழித்துவிட்டு மறுபடி நிறுவும் முடிவுக்கு வந்துவிட்டேன்; அதற்கு முன் கெர்னல் தன் செய்திகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டைப் படித்துப் பார்க்கத் தோன்றியது நல்லதாயிற்று. ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் −2 என்று அதில் ஒரு வரி இருந்தது. −2 என்றால் கேட்ட கோப்பு அங்கே இல்லை என்று பொருள். கெர்னலோடு வந்த புதிய இயக்கி (சாதனத்தை இயக்கும் நிரல்) தனக்குரிய புதிய ஃபர்ம்வேரைத் தேடியிருக்கிறது. ஃபர்ம்வேர் தொகுப்போ, புதுப்பிப்பு பாதியில் நின்றதால் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டது. கைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து இணையம் பெற்று அந்தத் தொகுப்பை நிறுவியதும் பத்து நிமிடத்தில் சரியாயிற்று. இரண்டாம் முறை, கெர்னலுக்கு வெளியே இருந்து வரும் கிராஃபிக்ஸ் மாட்யூல் (கெர்னலில் தேவைக்கேற்ப ஏற்றப்படும் துணைநிரல்) ஏறவில்லை. நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே துவக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மூன்றாவது கோளாறுதான் என்னை மூன்று வாரம் வாட்டியது. மூடியைச் சாய்த்தால் கணினி உறக்கநிலைக்குப் போகும். சில வேளை, திறந்தால் எழாது. திரை இருண்டிருக்கும், விசிறி மட்டும் ஓடும், மின்விசையை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. கணினி துவங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து இரண்டு நாள் ஓட்டினேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. எனவே வன்பொருள் பழுதாகவில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் பதிவேட்டில், உறக்கநிலைக்குள் நுழைகிறது என்ற வரிக்குப் பின் எதுவுமே இல்லை. வட்டும் உறங்கப் போய்விடுவதால், அதற்குப் பிறகு எழும் செய்தியை எழுதிவைக்க இடமிருப்பதில்லை.

இந்த இருட்டில் துழாவுவதற்கென்றே கெர்னலுக்குள் இரண்டு வசதிகள் இருக்கின்றன. பிஎம் டெஸ்ட் என்பது, உறக்கநிலைக்குப் போகும் பாதையில் நாம் குறிப்பிடும் படி வரை மட்டும் சென்று, ஐந்து விநாடி காத்திருந்து, திரும்பி வரச் செய்வது. நிரல்களை உறையவைக்கும் படி எப்போதும் தடையின்றி முடிந்தது. சாதனங்களை நிறுத்தும் படியில் சில முயற்சிகளுக்கு ஒருமுறை தொங்கி நின்றது. ஆகவே குற்றவாளி ஏதோ ஒரு சாதனத்தின் இயக்கி. அடுத்தது பிஎம் டிரேஸ். அது, கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தை மின்கலத்தால் இயங்கும் வன்பொருள் கடிகாரத்திலேயே எழுதிவைக்கிறது; உடனே மறுதொடக்கம் செய்தால், எந்தச் சாதனத்தோடு அது பொருந்துகிறது என்று பதிவேட்டில் காட்டும். கடிகாரத்தில் தேதி தாறுமாறாக மாறியிருக்கும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது. என் பதிவேட்டில் வந்த சாதனம் மெமரி கார்டு ரீடர். அதன் மாட்யூலை ஏற்றாதபடி தடைப்பட்டியலில் சேர்த்ததும் கணினி தவறாமல் உறங்கி எழுந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதே ரீடர் உள்ள வேறு கணினிகளிலும் இதே கோளாறு இருக்கும் அல்லவா? ஆயத்த நிலையில் கிடைக்கும் கெர்னல்களை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில்தான் கோளாறு நுழைந்தது என்று கண்டேன். அவற்றுக்கிடையே பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். கிட் பைசெக்ட் என்ற கருவி, நாம் நல்லது, கெட்டது என்று குறிப்பதை வைத்து அந்தத் தொகையை ஒவ்வொரு முறையும் பாதியாக்கிக்கொண்டே போவதால், பதினான்கு முறை தொகுத்துச் (மூலநிரலிலிருந்து கெர்னலை உருவாக்கி) சோதித்தால் ஒற்றை மாற்றத்தில் வந்து நிற்கலாம். பயன்பாட்டிலுள்ள மாட்யூல்களை மட்டும் தொகுக்கும் லோக்கல்மாட்கான்ஃபிக் அமைப்பால், ஒரு தொகுப்பு என் கணினியில் அரை மணிக்குள் முடிந்தது.

முதல் தேடல் ஒலி இயக்கி ஒன்றின் மாற்றத்தில் போய் நின்றது. அதற்கும் கார்டு ரீடருக்கும் தொடர்பே கிடையாது. எங்கே தவறினேன் என்று யோசித்தபோதுதான், கோளாறு ஒவ்வொரு முறையும் வருவதில்லை, நானோ ஒருமுறை உறங்கி எழுந்தாலே நல்லது என்று குறித்திருக்கிறேன் என்பது புரிந்தது. இடையில் ஒரு குறி பிசகினால் அதன்பின் செய்யும் தேடல் அத்தனையும் தவறான பாதியில்தான் நடக்கும். இரண்டாம் முறை, குறித்த விநாடியில் தானாக எழுப்பிவிடும் ஆர்டிசிவேக் கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு கெர்னலையும் முப்பது முறை உறங்கச் செய்த பிறகே நல்லது என்று குறித்தேன். இம்முறை அது கார்டு ரீடரின் மின்சேமிப்பை மாற்றிய ஒரு திருத்தத்தைச் சுட்டியது. அதை மட்டும் நீக்கித் தொகுத்தேன், கோளாறு மறைந்தது.

பழையதில் நன்றாக ஓடியது புதியதில் கெடக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் விதி. கெர்னல் பதிப்பு, பதிவேடு, பைசெக்ட் முடிவு மூன்றையும் இணைத்துக் கெர்னல் உருவாக்குநர்களுக்கு எழுதியபோது, அந்த விதி வெறும் பேச்சில்லை என்பதைக் கண்டேன். ஒரு வாரத்துக்குள் சோதித்துப் பார்க்க ஒரு திருத்தம் வந்தது. பின்னர் அது நிலைப்பதிப்புகளிலும் சேர்ந்தது.

நான்காவது கோளாறு வேறு வகை. புதுப்பித்த மறுநாளிலிருந்து கணினி இடையிடையே உறைந்தது. பழிமுழுவதையும் கெர்னல் மேல் போட்டேன். பழைய கெர்னலிலும் அதே நேர்ந்ததால் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட்டினேன். ரேம் அட்டை ஒன்று பழுதாகியிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது.

இதற்காகப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடுதான் வருகின்றன. அதே வேளையில், 2022இல் 5.19.12 கெர்னல் சில இன்டெல் மடிக்கணினிகளின் திரையை வெள்ளையாக மின்னச் செய்ததும், 2023 டிசம்பரில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் நேர்ந்த தரவுச் சிதைவு காரணமாக டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 12.3 வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டதும் நடந்தவைதாம். ஆகவே, ஓடுவது உறுதியான ஒரு கெர்னலையாவது எப்போதும் வைத்திருக்கிறேன். கெர்னல்கள் இருக்கும் துவக்கப் பகிர்வு 512 எம்பி மட்டுமே என்பதால் மூன்றுக்கு மேல் வைக்க இடமில்லை. நான்காவது வரும்போது எதை நீக்குவது என்பதை நானே முடிவு செய்கிறேன். கார்டு ரீடரைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்து ஓராண்டுக்கு மேலாகிறது, கேமராப் படங்களை அதன் வழியாகத்தான் இறக்கிக்கொள்கிறேன்.