திருகோணமலையில் படகு எஞ்சின் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) வேலைக்கு நம்பிப் போகக்கூடிய கராஜ்

இன்போர்ட் (படகுக்குள்ளேயே பொருத்திய) டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத சின்ன கராஜ் அது. எங்கள் எஞ்சின் லோட் ஏறினால் கறுப்பாகப் புகை தள்ளியது. வேறோர் இடத்தில் எதையும் கழற்றிப் பார்க்காமலே பிஸ்டன், ரிங், லைனர் எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டார்கள். இங்கே மெக்கானிக் அண்ணன் முதலில் கழற்றியது சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற இன்ஜெக்டரை மட்டும்தான். கை டெஸ்டரில் பூட்டி அடித்துக் காட்டினார். இந்த மாதிரி எஞ்சின்களில் இன்ஜெக்டரின் நுனியான நாசில் 200 பார் அழுத்தத்தை ஒட்டித் திறந்து டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும், எங்களுடையது சொட்டியது. சொட்டுகிற டீசல் முழுதாக எரியாது, புகைக்குக் காரணம் அதுதான். நாசிலை மாற்றினோம், புகை நின்றது.

எனக்கு இந்த இடம் பிடித்ததற்குக் காரணம், எதைத் தொட்டாலும் அது எதற்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறார். கடல்தண்ணீரே நேராகச் சுற்றிக் குளிர்விக்கிற எஞ்சின் என்றால் துத்தநாகக் கட்டியைக் கழற்றிக் காட்டுவார்: இரும்புக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் அதைத் தின்னட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள், பாதி கரைந்ததும் மாற்றாவிட்டால் அடுத்து அரிக்கப்போவது ஹெட்டும் பிளாக்கும்தான். கையால் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுகிற சின்ன எஞ்சினில் இருக்கும் டீகம்ப்ரஷன் லீவர், வால்வைக் கொஞ்சம் திறந்தே பிடித்துக் காற்றை அமுங்கவிடாமல் வைக்கும், அதனால்தான் சக்கரம் லேசாகச் சுற்றுகிறது.

கப்பல் எஞ்சின்களைப் பற்றிக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்கிறார். அங்கே ஒவ்வொரு ஹெட்டிலும் இண்டிகேட்டர் கொக் என்று சிலிண்டருக்குள்ளிருந்து வெளியே திறக்கிற சின்னக் குழாய்த் திருகு ஒன்று இருக்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் அதைத் திறந்துவிட்டு எஞ்சினை மெல்லச் சுற்றினால், உள்ளே தண்ணீர் கசிந்திருந்தால் வெளியே துப்பிவிடும். தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட்தான் வளையும். ரிலீஃப் வால்வு சிலிண்டருக்குள் அழுத்தம் எல்லை தாண்டினால் திறப்பது. அது அடிக்கடி அடித்தால் ஸ்பிரிங்கை இறுக்கக் கூடாது, டீசல் முந்தி விழுகிறதா, கூட விழுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

குறை என்றால், உதிரிப்பாகம் கையிருப்பில் இல்லை, கொழும்பிலிருந்து வரும்வரை படகு சும்மா கிடக்கும். பில்லும் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், போகும்போது எஞ்சின் தகட்டில் இருக்கும் மாடல் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அது இல்லாமல் நாசிலுக்கு ஓடர் போடமாட்டார்.