பழைய மரச்சாமான்களுக்கு எந்தப் பூச்சு: அரக்கா, எண்ணெயா, பாலியூரித்தேனா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், லயத்து வீட்டை விட்டுத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு தேக்கு அலமாரியோ, சாய்வு நாற்காலியோ, தாத்தா காலத்துச் சாமி மேடையோ இன்னும் இருக்கிறது. அவற்றைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது எந்தப் பூச்சு நீண்ட நாள் உழைக்கும் என்பதுதான். பூச்சு கெட்டால் அதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பதை நான் அதைவிடப் பெரிய கேள்வியாகக் கருதுகிறேன். மூன்று பூச்சுகளையும் அதை வைத்தே இங்கே அலசுகிறேன்.

முதலில் சாமானின் மேல் இப்போது இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். கதவின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், அரக்குப் பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னரில் கரைந்தால் அது பெரும்பாலும் லாக்கர் என்னும் வேறொரு பூச்சு. பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். செதிலாக வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள். பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து, கரைசலை அதற்குக் குடிக்கக் கொடுத்து, பரப்பின் மேல் வட்டமாகத் தேய்த்து மெல்ல மெல்ல ஏற்றுவதைத்தான் ஆசாரிகள் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார்கள். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 120 கிராம் செதில் என்ற மெல்லிய கரைசல் வீட்டில் பழகுபவர்களுக்கு ஏற்றது. இதன் பெருஞ்சிறப்பு, புதிய பூச்சு பழையதை இளக்கி அதனோடு ஒன்றிவிடுவது. நாற்காலியின் கைப்பிடி மட்டும் தேய்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டால் போதும். பல பத்தாண்டுகளில் மரத்துக்கு வந்த நிறம் அப்படியே இருக்கும்.

குறைகளும் உண்டு. சூடான தே தாரிக் குவளை வெள்ளை வளையம் விடும். ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பான் சிந்தினால் பூச்சே கரையும். நம் ஊர் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு பாலாடைபோல் வெளுத்துவிடும். ஆகவே மாலை இடிமழைக்கு முன், வெயில் ஏறிய முற்பகலில் பூச வேண்டும். கரைத்து வைத்த அரக்கு நாள்பட்டால் காயும் தன்மையை இழப்பதால், ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, மறுநாளும் ஒட்டினால் கொட்டிவிடுவதே நல்லது.

பாலியூரித்தேன் வார்னிஷ் வெந்நீருக்கும் சூட்டுக்கும் உராய்வுக்கும் அரக்கைவிட நன்றாக ஈடுகொடுக்கும். அன்றாடம் சாப்பிடும் மேசைக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் காய்ந்தபின் அது மீண்டும் கரையாது. ஆழமான கீறல் விழுந்தாலோ, ஓரத்தில் ஈரம் புகுந்து தோல் உரிந்தாலோ, ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியும் என்பதால் பெரும்பாலும் பரப்பு முழுவதையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டிவரும். மெல்லிய மரத்தகடு ஒட்டிய பழைய அலமாரிகளில் ஒவ்வொரு தேய்ப்பும் தகட்டையே தின்றுவிடும். தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய், எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் காய்வதைத் தாமதப்படுத்துவதால், முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை பூசிக்கொள்வது பயன் தரும்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பூச எளிது, திருத்தவும் எளிது. ஆனால் காய்ச்சாத பச்சை ஆளி விதை எண்ணெய் காய நாள் கணக்காகும், காற்றோட்டமில்லாத அறையில் பூஞ்சையும் பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். அதைத் தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் ஊறவிடுங்கள். முக்காலி, கருவிப்பிடி போன்றவற்றுக்கு மட்டுமே இதைத் தேர்வேன்.

அலமாரிக்கும் சாய்வு நாற்காலிக்கும் என் தேர்வு தயக்கமின்றி அரக்கு. சாமி மேடைக்கு ஒரே பூச்சு போதாது: விளக்குச் சூட்டில் அரக்கு இளகும் என்பதால், விளக்கு வைக்கும் பலகைக்குப் பாலியூரித்தேனும், நுண்ணிய செதுக்கு வேலையுள்ள மேற்பகுதிக்கு அரக்கும் பூசலாம்.

பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) செய்த சாமானில் குண்டூசித் தலையளவு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால், அது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை; எந்தப் பூச்சுக்கும் முன் பழையதை நீக்கி, வெறும் மரத்தில் போரான் கரைசலை ஊறவைக்க வேண்டும். பூச்சைத் தாண்டி அது உள்ளே இறங்காது. வெயில் நேரே படும் அஞ்சடி (முன்தாழ்வார) பெஞ்சுக்கு இம்மூன்றுமே ஒத்துவராது. அங்கே புற ஊதாக் கதிரைத் தாங்கும் வெளிப்புற வார்னிஷ் பூசி, மங்கத் தொடங்கியதுமே மறுபூச்சு கொடுக்க வேண்டும்.