நட்சத்திர நேரம்: மணியா, டிகிரியா, ரேடியனா, நாழிகையா?

2025 ஜனவரி 15, இரவு 9 மணி. கொடைக்கானலில் அப்போது நட்சத்திர நேரம் என்ன? 4 மணி 21 நிமிடம் 12 விநாடி. டிகிரியில் சொன்னால் 65.30, ரேடியனில் 1.1397, நாழிகைக் கணக்கில் 10 நாழிகை 53 விநாழிகை. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைத்தான் நான்கும் சொல்கின்றன. முழுச் சுற்று 24 மணி, அதுவே 360 டிகிரி, 2π ரேடியன், 60 நாழிகை. ஆக ஒரு மணிக்கு 15 டிகிரி. இவ்வளவு எளிய கணக்கில் ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்றால், வாசிக்க வசதியான அலகும் கணக்குப் போட வசதியான அலகும் வேறு வேறு.

தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நிற்கும்போது மணிக்கு நிகர் எதுவும் இல்லை. விண்மீன் வரைபடங்கள் வல ஏற்றத்தை, அதாவது வானில் ஒரு விண்மீன் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதை, மணியில்தான் தருகின்றன. நட்சத்திர நேரம் அந்த எண்ணைத் தொடும்போது விண்மீன் உச்சிக்கோட்டை, வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் கோட்டை, கடக்கும். ரோகிணியின் வல ஏற்றம் இப்போது 4 மணி 37 நிமிடம். மேலே சொன்ன 4 மணி 21 நிமிடத்தைக் கழித்தால், ரோகிணி உச்சிக்கோட்டைத் தொட இன்னும் 16 நிமிடம் இருக்கிறது. தை மாதக் குளிரில், காகிதம் பேனா இல்லாமல் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். கொடைக்கானல் வட அகலாங்கு பத்தேகால் டிகிரியில் இருப்பதால், தலைக்கு நேர் மேலிருந்து ஆறு டிகிரி வடக்கே தள்ளி அந்தச் சிவந்த விண்மீன் கடக்கும். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் கழித்தலைத்தான்.

ஆனால் அதே மணி, கணக்குக்குள் நுழைந்தால் தொல்லை. 4.353 மணி என்று திரையில் வந்ததை 4 மணி 35 நிமிடம் என்று படித்துவிடுவார்கள். உண்மையில் அது 4 மணி 21 நிமிடம். அடுத்தது கழித்தல் குறி. ரோகிணியின் மணிக் கோணம், அதாவது உச்சிக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் அளவு, அப்போது கழித்தல் 0 மணி 16 நிமிடம். கழித்தல் என்றால் இன்னும் கிழக்கே இருக்கிறது என்று பொருள். மணி, நிமிடம், விநாடி என்று மூன்று கட்டங்களில் பிரித்து எழுதும்போது, பூஜ்யத்தின் முன்னால் இருந்த குறி காணாமல் போகும். கிழக்கே இருக்கும் விண்மீனை மேற்கே தேடிக்கொண்டிருப்போம். டிகிரியில் அது கழித்தல் 4.04, ஒரே எண், குறி எங்கும் போகாது. இன்னொன்று, ஒரு நேர விநாடி என்பது 15 கோண விநாடி (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோண நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு கோண விநாடி). இரண்டையும் வெறும் ‘விநாடி’ என்று எழுதி வைத்தால் பதினைந்து மடங்குப் பிழை காத்திருக்கிறது.

ஆகவே கணக்கு முழுவதையும் டிகிரியில் போடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 2000 ஜனவரி 1 உலக நேர நண்பகலிலிருந்து கழிந்த நாட்களை 360.9856474 ஆல் பெருக்கி, 280.4606 ஐக் கூட்டி, 360 இன் மடங்குகளை நீக்கினால் கிரீன்விச்சின் நட்சத்திர நேரம் டிகிரியில் கிடைக்கும். இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்துவிட்டுத்தான் நாட்களை எண்ண வேண்டும். அப்புறம் உங்கள் ஊரின் நெட்டாங்கைக் கூட்டினால் போதும். கொடைக்கானல் வானாய்வகம் 77 டிகிரி 28 கோண நிமிடம் கிழக்கு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 76 டிகிரி 40 கோண நிமிடம். வித்தியாசம் 0.8 டிகிரி, கொடைக்கானலின் நட்சத்திரக் கடிகாரம் முத்தோரையைவிட 3 நிமிடம் 12 விநாடி முந்தி ஓடுகிறது.

முத்தோரைத் தொலைநோக்கியைப் பார்த்தால் மணியும் டிகிரியும் ஒன்று என்பது கண்ணுக்கே தெரியும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970 இல் கட்டி முடிக்கப்பட்டது அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவே சாய்ந்த மலைச்சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வடக்கு தெற்காக அமைத்ததால், அதன் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. அந்த ஓர் அச்சில் நட்சத்திர மணிக்கு 15 டிகிரி வீதம் திருப்பினாலே போதும், ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். மலையே பாதிக் கணக்கைப் போட்டுக் கொடுத்த இந்த யோசனையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ரேடியனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான நிரல் மொழிகளில் சைன், கொசைன் இரண்டும் அதைத்தான் கேட்கும். அந்த இடத்தில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு உடனே டிகிரிக்குத் திரும்பிவிடுங்கள். ரேடியனைப் பார்த்து வானத்தில் எந்தத் திசை என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது.

நாழிகையைப் பழையது என்று ஒதுக்குகிறவர்கள் அதன் அழகைக் கவனிப்பதில்லை. சூரிய சித்தாந்தம் நட்சத்திர நாளையே 60 நாழிகையாகப் பிரிக்கிறது. ஒரு நாழிகை 6 டிகிரி, ஒரு விநாழிகை 6 கோண நிமிடம். விநாழிகையில் ஆறில் ஒரு பங்கு ஒரு பிராணன், அதாவது ஒரு மூச்சு. அந்த நேரத்தில் வானம் மிகச் சரியாக ஒரு கோண நிமிடம் திரும்புகிறது. நேரமும் கோணமும் இவ்வளவு நேராகப் பொருந்துவது மணி, நிமிடத்தில் இல்லை. வரைபடங்களும் கருவிகளும் இந்த அலகில் இல்லாததால் இன்று இதில் வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான்.

எந்த அலகை எடுத்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. நட்சத்திர நாள் நம் கைக்கடிகாரத்தில் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான். ரோகிணிக்கான 16 நிமிடத்தில் இந்த வேறுபாடு மூன்று விநாடிகூட வராது. ஆறு மணி நேரம் ஒரு பொருளைத் தொடர்ந்தால் 59 விநாடி சேர்ந்துவிடும். நிலாவின் விட்டத்தில் பாதி அளவுக்குக் குறி தவறும். கடிகார இடைவெளியை முதலில் 1.0027379 ஆல் பெருக்குங்கள். அலகு மாற்றம் அதற்கு அடுத்த வேலை.