ஏடி89சி51-க்கு மாற்று: அதே சிப்பா, அதன் உறவா, புது போர்டா?

ஆலைகளிலும் பட்டறைகளிலும் ஓடும் பழைய கன்ட்ரோல் போர்டுகளைத் திறந்தால், அட்மெல் நிறுவனத்தின் 40 பின் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பான ஏடி89சி51 இன்னும் கண்ணில் படும். இது சேர்ந்த 8051 குடும்பத்தை 1980-ல் தொடங்கிய இன்டெல் 2007-லேயே அதைக் கைவிட்டது. புதிய வடிவமைப்புகளுக்கு இது வேண்டாம், ஏடி89எஸ்51 போடுங்கள் என்று அட்மெல் தன் டேட்டாஷீட்டிலேயே அச்சிட்டது. 2016-ல் அட்மெல்லையே மைக்ரோசிப் வாங்கிவிட்டது. இப்போது போர்டில் அந்தச் சிப் போனால் எதைப் போடுவது?

கடையில் என்ன கிடைக்கிறது என்று தேடும் முன், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிரலர் எழுதிய சோர்ஸ் கோடு இருக்கிறதா, அதிலிருந்து உருவாகி சிப்பில் ஏற்றப்படும் ஹெக்ஸ் ஃபைல் மட்டும்தானா, இரண்டுமே இல்லையா? நகலெடுப்பதைத் தடுக்கும் லாக் பிட் போட்ட சிப்பிலிருந்து நிரலைத் திரும்பப் படிக்க முடியாது. இரண்டுமே இல்லாதவருக்கு அசல் ஏடி89சி51 கிடைத்தாலும் பயனில்லை. அவர் நேராகப் புது போர்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஹெக்ஸ் இருப்பவர்கள் பலரும் முதலில் அதே சிப்பைத்தான் தேடுகிறார்கள். ராசெஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் போல, நிறுத்தப்பட்ட சிப்களைத் தயாரிப்பாளரின் அனுமதியோடு விற்பவர்களிடம் கிடைத்தால் நல்லது. ரிச்சி தெருவிலோ ஷென்ஜென் சந்தையிலோ வாங்குவதென்றால் கவனம் வேண்டும். பழைய போர்டிலிருந்து கழற்றி, காலுக்கு ஈயம் பூசி, மேலே புதிதாக எழுத்து அடித்த சரக்கு நிறைய வருகிறது. ஏடி89சி51-ல் நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 1000 முறை எழுதத்தான் உத்தரவாதம். நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமரில் வைத்து, சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சர் பைட்டைப் படியுங்கள்: பதினாறடிமான முறையில் 1ஈ (1E), அடுத்து 51 வர வேண்டும். அது சரியாக வந்தாலும் சிப் எத்தனை ஆண்டு உழைத்தது என்பது தெரியாது. அதனால் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

ஏடி89எஸ்51-ன் பெரிய நினைவக வடிவமான ஏடி89எஸ்52 இருக்கும்போது அந்த அலைச்சல் தேவையும் இல்லை. பின் அமைப்பு அதேதான், 5 வோல்ட் அதேதான், ஒரு மெஷின் சைக்கிளுக்கு 12 கிளாக் என்பதும் அதேதான். பழைய ஹெக்ஸை ஒரு பைட்கூட மாற்றாமல் ஏற்றி ஐசி பேஸில் செருகலாம். கூடுதலாக வந்த வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்), நிரல் கேட்டால் ஒழிய எழுந்திருக்காது. எஸ்51-ஐ விட எஸ்52-ஐயே ஸ்பேராக வாங்கி வையுங்கள். சி51, அதன் பெரிய நினைவக வடிவமான சி52 இரண்டின் இடத்திலும் அது உட்காரும். மலிவான யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரே போதும். ஆனால் அது பயன்படுத்தும் பி1.5, 1.6, 1.7 பின்களில் போர்டு வேறு எதையாவது இணைத்திருந்தால், சிப்பை வெளியே எடுத்தே நிரல் ஏற்றுங்கள்.

சீனத்து எஸ்டிசி89சி52ஆர்சி விலை குறைவு, சீரியல் போர்ட் வழியாகவே நிரல் ஏறும். தனித்து இயங்கும் சிறு போர்டுக்குக் குறையில்லை. ஆனால் இதன் உள்ளே கூடுதலாக 256 பைட் ராம் இருக்கிறது, பவர் வந்ததும் அது தானாகவே இயங்கும். உங்கள் போர்டில் கூடுதல் போர்ட்கள் தரும் 8255 போன்ற வெளிச் சிப் 0000 முகவரியில் இருந்தால், வெளி முகவரிகளை அணுகும் மூவ்எக்ஸ் கட்டளை அந்த உள் ராமுக்கே போய்விடும்; 8255-க்கு எதுவும் எட்டாது. சிப் பழுது என்று நினைத்து நாள் கணக்கில் தேட வைக்கும் கோளாறு இது. ஏயுஎக்ஸ்ஆர் ரிஜிஸ்டரில் ஒரு பிட்டை மாற்றினால் தீரும், அதற்கு சோர்ஸ் கோடு வேண்டும். ஒரு கிளாக்கில் ஒரு கட்டளையை முடிக்கும் வேக 8051-களிலும் சோர்ஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள். லூப் போட்டு எழுதிய டிலே எல்லாம் சுருங்கிவிடும்; ஏசி மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் இயங்கத் தொடங்கும் நேரம் (ஃபயரிங் கோணம்) மாறிப்போகும்.

புது போர்டு என்றால் எஸ்டிஎம்32 பக்கம்தான் எல்லோரும் போகிறார்கள். பத்தாண்டு விநியோக உறுதியை அதைத் தயாரிக்கும் எஸ்டிமைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் ஆண்டுதோறும் நீட்டிப்பது பெரிய பலம். ஆனால் அது 3.3 வோல்ட். கான்டாக்டரும் டிரைவும் நிறைந்த பேனலில் 5 வோல்ட்டிலேயே இயங்கும் ஏவிஆர் டிஏ, ஆர்எல்78 போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களையே நான் விரும்புவேன். சுற்றியுள்ள சர்க்யூட்டைத் தொட வேண்டாம், இரைச்சலையும் கூடுதலாகத் தாங்கும். எதை எடுத்தாலும் ரீசெட் நேரத்தைச் சோதியுங்கள். 8051-ன் போர்ட்கள் ரீசெட்டில் ஹையாக எழும், அதனால்தான் பழைய போர்டுகளில் ரிலேக்கள் லோ வந்தால் இயங்கும்படி அமைந்திருக்கும். புதிய சிப்களின் பின்கள் அப்போது எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். பின்னை ஹையாகப் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் போடாவிட்டால், பவர் வரும் கணத்தில் மோட்டார் தானாக உதறலாம். பக்கத்தில் ஆள் நிற்கும் இயந்திரம் அது.

ஹெக்ஸ் இருந்து இயந்திரங்களும் சிலவே என்றால் எஸ்52 வாங்கிப் போட்டு ஓட்டுங்கள். நூற்றுக்கணக்கில் விற்று சர்வீஸ் பார்ப்பவர் என்றால் எஸ்52 ஓடிக்கொண்டிருக்கும்போதே புது போர்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். உற்பத்தி நிறுத்த அறிவிப்பு வந்தபின் கடைசி ஆர்டருக்கு, சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் நெறி கேட்பது குறைந்தது 6 மாத அவகாசம்தான். அதற்குள் ஒரு தொழிற்சாலைக் கருவியை மறுபடி வடிவமைத்துச் சோதித்து முடிப்பது கடினம்.