கண்ணுக்கு போன் போதுமா, பக்கத்து ஊர் மையம் வேண்டுமா?

கண்ணில் கோளாறு, கண் டாக்டர் இருப்பதோ எங்கோ தூரத்தில். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வீட்டில் இருந்தபடியே மத்திய அரசின் வீடியோ மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் பேசுவது: காசு கிடையாது, பஸ் ஏற வேண்டாம், 2020 ஊரடங்கில் இது பெரிய உதவி. பிரஷர் மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்க இதுவே போதும். ஆனால் போன் கேமராவை இமைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், மங்கலும் வெளிச்சப் புள்ளியும்தான் தெரியும், அதை வைத்து எந்த டாக்டர் என்ன சொல்ல முடியும்?

இன்னொன்று, அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் பரிசோதனை மையங்கள். 2000-களில் தேனிப் பக்கம் தொலைதூர வைஃபை வைத்து இவற்றை மருத்துவமனையோடு மலிவாக இணைத்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் நம் தாடையை ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணை நிதானமாகப் பார்த்துக் குறித்து அனுப்ப, மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் படித்துவிட்டு நோயாளியிடமே திரையில் பேசுகிறார். சின்னக் கட்டணம் உண்டு, மையம் வரை போகவும் வேண்டும், சரி. கண் விஷயத்தில் நான் அம்மாவை இங்கேதான் கூட்டிப் போவேன். கண்புரை ஆபரேஷன் என்றால் மட்டும் அப்புறம் டவுனுக்குப் போய்க்கொள்ளலாம்.