நாலு விரல் இடைவெளி: ஒரு சொகுசு வண்டியோடு 5 வருஷம்

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்ல மனசு வராது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. விடியற்காலை திருப்பூரில் கிளம்பி, பெங்களூரில் எங்கள் சரக்கை வாங்குகிற பையர் ஆபீஸில் உட்கார்ந்து பேசிவிட்டு, அன்றைக்கு ராத்திரியே வீட்டில் வந்து படுத்திருக்கிறேன். முதுகு வலித்ததில்லை. பைபாஸில் லிட்டருக்கு 13, 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. சீட்டு, ஏ.சி., ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் எல்லாமே கொடுத்த காசுக்குத் தகும்.

2020 டிசம்பரில் எடுத்தது. பெரிய டீசல் எஸ்.யூ.வி., ஆன்ரோடு 80 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. கொரோனா முடங்கல் கழிந்து ஆர்டர்கள் திரும்ப வர ஆரம்பித்த நேரம். அப்பாவுக்குப் பிறகு பனியன் கம்பெனியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனி பேரில்தான் வண்டியும். காங்கேயத்து மாமா மட்டும், "ஏம்மணி, இந்தக் காசுக்கு ஒரு தோப்பு வாங்கிப் போட்டிருக்கலாமே" என்றார். இப்போது மீட்டரில் 96,000 கிலோமீட்டர். பிராண்ட் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு பிராண்ட் சண்டையாகப் போய்விடும்.

சின்னத் தொல்லை ஒன்றைச் சொல்லித் தள்ளிவிடுகிறேன். பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. வீட்டுக்கும் கம்பெனிக்குமாக 3 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது தேவையான அளவு சூடாகாது, கரி எரியாது, டேஷ்போர்டில் லைட் எரியும். வாரம் ஒருமுறை பெருந்துறைப் பக்கம் பைபாஸில் அரை மணி நேரம் சீராக விட்டால் சரியாகிவிடும். விற்றவர்கள் இதைச் சொல்லவில்லை. சர்வீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன்தான் சொன்னான்.

பெரிய கதை ஏர் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைக் காற்றுப் பைகள் தாங்குகிற அமைப்பு.

2022 ஆகஸ்ட். 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. காலையில் வாட்ச்மேன் அய்யா வந்து, "ஏனுங்கம்மா, வண்டி பின்னாடி ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்குதுங்களே" என்றார். போய்ப் பார்த்தேன். வலது பின்சக்கரத்துக்கும் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் நாலு விரல் நுழைந்தது. இடது பக்கம் ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் பண்ணின இரண்டு நிமிஷத்தில் தானே எழுந்து நேராகிவிட்டது.

இந்த அமைப்பில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் சக்கரத்துக்கு ஒன்றாக ரப்பர் பை. காற்றை அடிக்க ஒரு கம்ப்ரசர், பங்கிட்டுக் கொடுக்க வால்வு, உயரத்தை அளக்க சென்சார். ரப்பர் மடிப்பில் வெடிப்பு விட்டால் காற்று கசியும். கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், சீக்கிரமே தேய்ந்து போகும். தையல் யூனிட்டில் ஏர் லைன் கசிந்தால் மோட்டார் நிற்காமல் ஓடுமே, அதே கதைதான். இந்தச் சங்கிலியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 2,90,000 ரூபாய் இதில்தான் வந்து நிற்கும்.

கோயம்புத்தூர் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். முதல் கேள்வி, "சார் வரலீங்களா மேடம்?" இரண்டு நாள் வைத்திருந்து, சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிவிட்டோம் என்று கொடுத்தார்கள். மறுவாரமே வண்டி மறுபடி உட்கார்ந்தது. திரும்பவும் போனேன். இந்த முறை, "ராத்திரி குளிருக்குக் காத்து சுருங்கும் மேடம், இது நார்மல்" என்றார் அட்வைசர்.

காற்று சுருங்கும் என்பது உண்மைதான். 35 டிகிரியிலிருந்து 20க்கு இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். ஆனால் குளிர் நாலு சக்கரத்துக்கும் ஒன்றுதானே, இடது பின்பக்கத்துக்கு மட்டும் தனியாக அடிக்குமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே காபி வேண்டுமா என்றார்.

கசிவைக் கண்டுபிடித்தது பல்லடம் ரோட்டுப் பஞ்சர் கடைக்காரர். மக்கில் சோப்புத் தண்ணியைக் கலக்கி, பிரஷ்ஷால் பையின் மடிப்பில் தடவினார். குமிழ் கிளம்பியது. "இதுங்க்கா, பாத்துக்கங்க." ஐந்து நிமிஷ வேலை, காசு வாங்க மாட்டேன் என்றார். வீடியோ எடுத்து, அதைக் காட்டின பிறகுதான் மூன்றாவது தடவையில் அந்த ஒரு பையை வாரண்டியில் மாற்றினார்கள். கம்ப்ரசரையும் பாருங்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் எரர் இல்லை என்றார்கள்.

வாரண்டி 3 வருஷம். 2023 டிசம்பரில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் தாளவாடியிலிருந்து இறங்கும்போது, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலோ சிவப்பு எச்சரிக்கை வந்து, பின்பக்கம் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவில் டயர் உரசுகிற சத்தம். ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிற காட்டுப் பாதை. அத்தையும் கூட இருந்தார். இழுவை வண்டி வருவதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது. டீ கொண்டுவந்து கொடுத்த லாரி டிரைவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு லீஃப் ஸ்பிரிங் போட மாட்டாங்களாக்கா?" என்றார். அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஸ்டிமேட் 2,90,000. கம்ப்ரசர், வால்வு, பின்பக்கப் பைகள் இரண்டும். வாரண்டி முடிந்து இரண்டு மாசம் ஆகிவிட்டது மேடம் என்றார்கள். கசிவை வாரண்டிக்குள் மூன்று தடவை சொன்னேனே, அதனால்தானே கம்ப்ரசர் போனது என்றேன். பழைய ஜாப் கார்டுகளை, அதாவது சர்வீஸில் குறையை எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாள்களை, எடுத்துப் பார்த்தோம். முதல் இரண்டிலும், வாடிக்கையாளர் சொன்ன குறை சோதனையில் தென்படவில்லை என்று இங்கிலீஷில் ஒரே வரி. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டியை மத்தியானம் ஓட்டிப் பார்த்தால் ராத்திரிக் கசிவு எப்படித் தென்படும்? இப்போதெல்லாம் ஜாப் கார்டில் நான் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுத வைத்து, ராத்திரி முழுக்க நிறுத்திப் பார்க்கவும் என்று சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

ரப்பர் வெடித்ததில் எனக்குக் கோபமில்லை. ரப்பர் என்றால் வெடிக்கும். கோபமெல்லாம் அந்த "நார்மல்" மேல்தான். எங்கள் தொழிலில் 5,000 பீஸ் ஆர்டர் என்றால், ஏ.க்யூ.எல். 2.5 என்கிற தரச் சோதனைக் கணக்கில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் டிஃபெக்ட், அதாவது பெரிய குறை, 10 வரைக்கும் பாஸ். 11 ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். அத்தனையையும் பிரித்து, செக் பண்ணி, ஆல்டர் பண்ணி, திரும்பப் பேக் பண்ண வேண்டும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்புகிற ஏர் ஃப்ரெய்ட் செலவு எங்கள் தலையில். அதையும் தாண்டிக் கடைக்குப் போய்த் தையல் விட்டால், எங்களுக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் வரும். 300 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு. துணியின் நார்மல் குணம் இது என்று நான் பையருக்கு ஒரு மெயில் போட்டால், அடுத்த சீசனில் என் போனை எடுக்க மாட்டார்கள்.

கார்க்காரர்களுக்கும் இது தெரியாததில்லை. டொயோட்டா தன் சொகுசு பிராண்டான லெக்ஸஸை அமெரிக்காவில் 1989 செப்டம்பரில் இறக்கியது. ஒன்றிரண்டு புகார் வந்ததுமே, அந்த டிசம்பரிலேயே விற்றிருந்த சுமார் 8,000 எல்.எஸ். 400 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து, சரி பண்ணி, கழுவி, டேங்க் நிரப்பித் திரும்ப விட்டார்கள். அந்த பிராண்டுக்குப் பேர் கிடைத்ததே அந்த ரீகாலில்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

எனக்குக் கிடைத்தது ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மெயில்: "குட்வில்" அடிப்படையில் பார்ட்ஸ் விலையில் 40 சதவீதம் தள்ளுபடி, ஆனால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஈரோட்டில் வக்கீலாக இருக்கிற சித்தப்பா பையனிடம் காட்டினேன். அவன் சொன்னதைக் கேட்டுத் தலை சுற்றியது. 2021 கடைசியில் வந்த விதிப்படி, கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். வண்டியில் குறை என்று வழக்குப் போட்டால், என் 80 லட்சமே என்னைச் சென்னைக்குத் துரத்தும். வண்டி கம்பெனி பேரில் இருப்பதால், வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்றும் எதிர்த்தரப்பு சொல்லும் என்றான்.

அந்த வாதத்தை 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் டைம்லர் கிரைஸ்லர் என்கிற கார் கம்பெனியின் வழக்கு ஒன்றில் தள்ளியது: கம்பெனி வாங்கினாலும் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கான கார் என்றால், அதனாலேயே வணிக நோக்கம் ஆகிவிடாது. அதே வாரத்தில், 2009 செப்டம்பரில் வாங்கி நாலே நாளில் கோளாறு காட்டிய ஒரு பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காருக்கு 50 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நடுவில் அந்தக் கம்பெனி புது வண்டி தர முன்வந்ததும், வாங்கினவர் பணமாகக் கேட்டதும் உண்டு. இருந்தாலும் 15 வருஷம். எனக்கு ஷிப்மெண்ட் வேலை இருக்கிறது.

அதனால் வழக்குக்குப் போகவில்லை. இனி கோரிக்கை இல்லை என்ற வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். 19 நாள் சத்தமில்லை. பிறகு, அடித்த வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

போன வருஷம் முன்பக்கப் பைகளும் கசிந்தன. கோயம்புத்தூர் கணபதி பகுதியில் தனி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். வெளி மார்க்கெட் பை இரண்டு போட்டு, ஷோரூம் எஸ்டிமேட்டில் பாதிக்கும் கீழேதான் பில் வந்தது. முதலில் சோப்புத் தண்ணியைத்தான் எடுத்தார்.

விற்கக் கேட்டுப் பார்த்தேன். ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் சொன்ன விலைக்கு மனசு வரவில்லை. வண்டி வீட்டிலேயே நிற்கிறது. வாட்ச்மேன் அய்யா தினமும் காலையில் கேட் திறப்பதற்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் விரல் வைத்துப் பார்க்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே ஆரம்பித்தது. இன்றைக்கு முன்னாடி நாலு, வலது பின்னாடி நாலு, இடது பின்னாடி மூன்றரை என்றார்.